யந்திரங்களுக்கு ஒரு சுயம்வரம்

சுயம்வர மண்டபத்தில் தமயந்தி மாலையும் கையுமாக வந்து நின்றபோது, எதிரே ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போல் ஐந்து நளன்கள் வீற்றிருந்த கதை உங்களுக்குத் தெரியும். அவர்களில் நால்வர் தேவர்கள். ஒருவன்தான் அசல் நளன். கண் இமைக்கிறதா, கால் தரையில் பாவுகிறதா, கழுத்து மாலை வாடியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துத் தமயந்தி தீர்மானித்தாள். ஐந்து பேரோடு அவள் காரியம் முடிந்து விட்டது, கொடுத்து வைத்தவள்!

அமெரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், பதினாறு பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது மாப்பிள்ளைகளுக்கு மத்தியில் நின்றுகொண்டு இதே காரியத்தைச் செய்கிறார்கள். மாப்பிள்ளைகள் யார் என்கிறீர்களா? எல்லாம் யந்திரங்கள்! அந்தப் பிள்ளைகளே இராப்பகலாக உட்கார்ந்து, அறுத்து, துளைத்து, முடுக்கிச் செய்த ரோபோக்கள். ஒவ்வொன்றும் சுமார் ஐம்பது கிலோ எடை. சக்கரத்தில் ஓடும், கை நீட்டும், பொருளை எடுத்து வீசும், சில சமயம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குரங்கைப்போல் தொங்கவும் செய்யும்.

இந்தப் போட்டியை நடத்தும் ஸ்தாபனத்துக்கு ‘ஃபர்ஸ்ட்’ என்று பெயர். நீரிழிவு நோயாளிகள் உடம்போடு மாட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்பை உருவாக்கியவரும், ‘ஸெக்வே’ என்ற இருசக்கர நிற்கும் வண்டியைக் கண்டுபிடித்தவருமான டீன் கேமன் என்பவர் 1989-ல் இதை ஆரம்பித்தார். முதல் போட்டி 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. அன்றைக்கு வந்திருந்தவை 28 கோஷ்டிகள். இன்றைக்கு உலகம் முழுவதும் மூவாயிரத்துக்கு மேல்.

உங்களில் சிலருக்கு இது புதிய செய்தியாக இராது. மிஷிகனிலோ, டெக்ஸாஸிலோ, கலிபோர்னியாவிலோ பேரன் பேத்தி இருந்தால், “இந்த சனிக்கிழமை பேச முடியாது பாட்டி, ரோபோ போட்டி இருக்கிறது” என்று அது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் போட்டியில் அது என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

நண்பனும் பகைவனும் ஒருவனே

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் ஒரு புதிய விளையாட்டை அறிவிப்பார்கள். 2024-ல் நடுவில் ஓட்டையுள்ள ஆரஞ்சு நிற வளையங்களைப் பொறுக்கி எடுத்து, உயரத்திலுள்ள வாய்க்குள் எறிய வேண்டும். நம் மெதுவடையைக் கொஞ்சம் பெரிதாக, நுரை ரப்பரில் செய்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்த வளையம். 2025-ல் வெள்ளைக் குழாய்த் துண்டுகளை மரக்கிளை போன்ற கம்பிகளில் செருகச் சொன்னார்கள். ஆட்டம் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிஷம். ஆரம்பத்தில் கால் நிமிஷம் போல, யந்திரம் தானாகவே ஓட வேண்டும். பிள்ளைகள் விசையைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு ஓட்டலாம்.

ஒரு பக்கத்துக்கு மூன்று யந்திரங்கள். சிவப்புக் கட்சி மூன்று, நீலக் கட்சி மூன்று. இதில்தான் சூட்சுமம். முதற்கட்ட ஆட்டங்களில் யாரோடு யார் சேருவது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் போட்டு விடுகிறது. காலையில் உங்களோடு தோளுக்குத் தோளாக நின்ற கோஷ்டி மத்தியானம் எதிர்க்கட்சியில் நிற்கும். சாயங்காலம் மறுபடியும் உங்களோடு. நாத்தனாரும் ஓரகத்தியும் ஒரே கூரையின் கீழ் வாழுகிற குடும்பத்தில் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்குவதில் கஷ்டம் இராது!

முதற்கட்டம் முடிந்ததும் சுயம்வரம். தரவரிசையில் முன்னால் நிற்கும் எட்டுக் கோஷ்டிகளின் தலைவர்கள் நடுமைதானத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இரண்டு கூட்டாளிகளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதல் சுற்றில் ஒன்றாம் இடத்தார் முதலில் அழைப்பார். எட்டாம் இடத்தார் கடைசி. இரண்டாவது சுற்றில் வரிசை தலைகீழாகி விடும். எட்டாமவருக்கு முதல் உரிமை. முதலாமவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். அழைப்பை ஒருவர் மறுக்கலாம். ஆனால் மறுத்தவரை அப்புறம் வேறு யாரும் அழைக்க முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் இடத்துக் கோஷ்டிக்கு முதல் கூட்டாளியைத் தேடுவது பெரிய வித்தையல்ல. எது சிறந்த யந்திரம் என்று மண்டபத்தில் சோடா விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். இரண்டாவது கூட்டாளியைத் தேடும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதற்குள் 23 கோஷ்டிகள் போய் விட்டிருக்கும். பாக்கி நிற்பவை, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் சாதாரணமானவை. அவற்றுக்குள் ஒன்று இருக்கும். அதிகமாக எடுத்து வீசாது, ஆனால் ஒரு நாளும் தடுமாறாது. எதிரியின் வழியை மறித்துக்கொண்டு கல்லுப்போல் நிற்கும். அதைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறவர்களுக்கே வெற்றி. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இரண்டு நாளாக எல்லா ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பெண் பார்க்கும் படலம்

இப்படிப் பார்ப்பதற்கு ‘ஸ்கௌட்டிங்’ என்று அங்கே பெயர். நாம் வேவு பார்த்தல் என்று சொல்லலாம். ஒளிந்து மறைந்து பார்ப்பதில்லை. பட்டப் பகலில், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு பார்ப்பார்கள்.

முதல் நாள் காலையில் சில பிள்ளைகள் குறிப்புப் புத்தகமும் பென்சிலுமாக, கோஷ்டிகள் யந்திரத்தைப் பழுது பார்க்கும் கொட்டகைகளுக்குப் போவார்கள். “உங்கள் யந்திரம் எத்தனை வேகம் போகும்? உயரத்தில் எறியுமா? தொங்குமா?” என்று கேட்பார்கள். இந்த விசாரணைக்கும் நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பதிலிலும் வித்தியாசம் இல்லை! பாடத் தெரியுமா, தெரியும். கோலம் போடத் தெரியுமா, பேஷாகத் தெரியும். எல்லா யந்திரத்துக்கும் எல்லாம் தெரியும், மைதானத்தில் இறங்குகிற வரையில்.

ஆகவே நம்பகமான வேவு பெஞ்சிலிருந்துதான். ஆறு யந்திரங்களுக்கு ஆறு பிள்ளைகள். ஒருவருக்கு ஒரு யந்திரம். அதைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் பக்கம் பிரமாதமாக ஏதோ நடந்து கூட்டமெல்லாம் ஆரவாரம் செய்யும். இந்தப் பெண்ணோ மூலையில் சுவரை முட்டிக்கொண்டு நிற்கும் தன் யந்திரத்தையே பார்த்துக்கொண்டு, “எறிந்தது பூஜ்யம்” என்று எழுதிக்கொண்டிருப்பாள். அலுப்புத் தட்டுகிற வேலை என்பதில் சந்தேகமில்லை.

கணக்குப் போடுங்கள். நாற்பது கோஷ்டி, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆட்டம் என்றால், மொத்தம் 80 ஆட்டம். ஆட்டத்துக்கு ஆறு யந்திரம் வீதம் 480 சீட்டுகள் எழுதியாக வேண்டும். பெரிய பள்ளிக்கூடங்களில் அறுபது பிள்ளைகள் இருப்பார்கள். மாற்றி மாற்றி உட்காருவார்கள். பத்தே பேர் உள்ள சின்னப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? நால்வர் யந்திரத்தோடு மைதானத்தில். இருவர் மின்கலத்தைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கொட்டகையில். மிச்சம் நாலு பேர். ஆறு யந்திரத்தை நாலு பேர் பார்க்க முடியாது.

இங்கேதான் பகிர்ந்துகொள்ளுதல் வருகிறது. இரண்டு மூன்று சின்னக் கோஷ்டிகள் சேர்ந்து ஒரு பொது வேவுக்கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நீ இரண்டு பிள்ளையை அனுப்பு, நான் இரண்டு பேரை அனுப்புகிறேன், அவர்களும் அனுப்பட்டும். சீட்டுகளை எல்லாருமாகப் பார்த்துக்கொள்வோம் என்று ஏற்பாடு. சில கோஷ்டிகள் இன்னும் ஒரு படி மேலே போய், தாங்கள் சேகரித்த கணக்கு முழுவதையும் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்து விடுகின்றன. “போட்டி என்று வந்து விட்டு இப்படியும் உண்டா?” என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். எனக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. நாளைக்கு உன்னை நான் கூப்பிட வேண்டியிருக்கலாம். அல்லது என்னை நீ. உனக்கு விவரம் தெரியாமல் தப்பான மூன்றாவது கூட்டாளியைப் பிடித்து விட்டால், நஷ்டம் எனக்கும்தானே? மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்து 2019-ல் காலமான உட்டி ஃப்ளவர்ஸ் என்பவர் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சொற்றொடரைச் சொல்லிக் கொடுத்தார். தமிழில் ‘பண்பு மாறாத தொழில் திறமை’ என்று சொல்லலாம். உயிரைக் கொடுத்துப் போட்டி போடு. ஆனால் எதிராளியின் ஸ்பானர் தொலைந்து போனால் உன்னுடையதைக் கொடு. இதுதான் அதன் பொருள்.

மூன்று சாட்சி

பத்து வீட்டு மாவை ஒரே உரலில் அரைத்தால் கல்லும் சேர்ந்துதான் வரும். பலர் எழுதிய சீட்டுகளை எப்படி நம்புவது?

நம் வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவர் கொண்டு வந்த செய்தி ஒத்திருந்தால் நம்பு என்பது அதில் அவர் அரசனுக்குச் சொல்லும் யோசனை. அமெரிக்கப் பிள்ளைகள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சிவப்புக் கட்சியின் மூன்று யந்திரங்களையும் பார்த்த மூன்று பேரின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். மைதானத்துப் பலகையில் சிவப்புக் கட்சிக்கு அறிவித்த எண்ணோடு அது ஒத்துப் போக வேண்டும். போகவில்லையா, யாரோ ஒருவர் நடுவில் பஜ்ஜி வாங்கப் போய் விட்டார் என்று அர்த்தம்.

ஆட்டத்தின் மொத்த எண்களை வைத்தே தனித்தனி யந்திரத்தின் பங்கைக் கணக்கிடும் வித்தையும் உண்டு. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் சேர்த்து வாங்கிய மூன்று நாள் பில்லை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கிலோ என்ன விலை என்று நீங்கள் கண்டுபிடிப்பதில்லையா? அதே ஒருங்கமை சமன்பாடு. இங்கே நாற்பது காய்கறி, அவ்வளவுதான். ஆட்ட முடிவுகள் எல்லாம் ‘ப்ளூ அலயன்ஸ்’ என்ற இணையதளத்தில் உடனுக்குடன் வந்து விடுவதால், இந்தக் கணக்கு இப்போது எவருக்கும் கைக்கெட்டிய கனி. ஆனால் எதிரியை மறித்து நின்று ஒரு புள்ளியும் எடுக்காத யந்திரத்தின் அருமை இந்தக் கணக்கில் தெரியாது. அதற்கு இன்னமும் பெஞ்சில் உட்காரத்தான் வேண்டும்.

சீட்டில் எண்ணிக்கை இருக்கும் வரையில் பாதகமில்லை. அபிப்பிராயம் நுழையும்போதுதான் வினை. ‘எறிந்தது நாலு, தவறியது மூன்று’ என்பது செய்தி. ‘உதவாது’ என்பது வம்பு. ஒரே கோஷ்டியின் புத்தகத்துக்குள் அந்த ஒரு சொல் இருந்தால் ஒரு கோஷ்டிக்குத்தான் தெரியும். பகிர்ந்துகொண்ட பொதுக்கணக்கில் அது விழுந்து விட்டால், மத்தியானத்துக்குள் மண்டபம் பூராவும் பரவி விடும். நல்லெண்ணத்தோடு செய்த பகிர்வே ஒரு கோஷ்டியின் தலையில் கல்லைப் போட்டு விடக்கூடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறேன்.

காற்றிலே ஒரு தெருக்குழாய்

ஆறு பேர் ஆறு பலகைக் கம்ப்யூட்டரில் தட்டி எழுதிய கணக்கை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டில் இதற்கு என்ன செய்வோம்? செல்போனில் ‘ஹாட்ஸ்பாட்’டைத் திறந்து விடுவோம், எல்லாம் கம்பியில்லாமல் தாமே சேர்ந்துகொள்ளும். சுலபம்! ஆனால் அந்த மண்டபத்தில் கோஷ்டிகள் செய்யக் கூடாத காரியம் அதுதான். சொந்தமாக வைஃபை வலை எதையும் யாரும் அங்கே திறக்கக் கூடாதென்று போட்டி விதி திட்டவட்டமாகச் சொல்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டும் அதில் அடக்கம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? மைதானத்து ஓரத்தில் நின்று பிள்ளைகள் பிடியை அசைக்கிறார்களே, அந்தக் கட்டளை யந்திரத்துக்குப் போவதும் வைஃபை வழியாகத்தான். ஒவ்வொரு யந்திரத்தின் முதுகிலும் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி உண்டு. கோஷ்டியின் எண்ணே அதன் பெயர். போட்டி ஆரம்பத்தில் ரகசியச் சொல் ஒன்றையும் அதில் ஏற்றிக் கொடுப்பார்கள். கட்டளைகள் விநாடிக்கு ஐம்பது தடவை போகின்றன. அதாவது ஐம்பதில் ஒரு பங்கு விநாடிக்கு ஒரு முறை, “நான் இருக்கிறேன், இப்படித் திரும்பு, இப்படிப் போ” என்று. கட்டளை வருவது நின்று போனால் யந்திரம் தானே அடங்கி நின்று விடும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஐம்பது கிலோ இரும்பு யார் பேச்சும் கேட்காமல் ஓடினால் பார்க்க வந்தவர்களின் கதி என்ன?

வைஃபை என்பது நம் பழைய தெருக்குழாயைப் போன்றது. ஒரு குடம் நிரம்புகிறபோது மற்றக் குடங்கள் காத்திருக்க வேண்டும். வைஃபைக் கருவிகள் இந்த விஷயத்தில் நம்மைவிட மரியாதை தெரிந்தவை. குழாயில் யாரும் இல்லையே என்று காது கொடுத்துக் கேட்டு விட்டுத்தான் பேசும். தற்செயலாக இரண்டு ஒரே நேரத்தில் பேசி விட்டால் இரண்டின் பேச்சும் வீண். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முயலும். நாலு குடம் நிற்கும் வரையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நாற்பது குடம் வந்து விட்டால்? ஐம்பதில் ஒரு பங்கு விநாடிக்கு ஒரு தரம் தண்ணீர் வேண்டும் என்கிற யந்திரத்துக்குத் தொண்டை வறண்டு விடும்.

குழாய்களும் அதிகமில்லை. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடிய வழிகள் அமெரிக்காவில் மூன்றே மூன்று. உங்கள் மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான், 2.45 கிகாஹெர்ட்ஸில். அடுப்பில் சாதத்தைச் சூடுபடுத்தும்போது, பக்கத்தில் செல்போனில் ஓடும் தொடர் நாடகம் திக்கித் திணறுவதை நீங்களே பார்த்திருக்கலாம். அதனால்தான் போட்டி யந்திரங்களை வெகுகாலம் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓட்டினார்கள். ஆனால் செல்போன்களும் அங்கே வந்து சேர்ந்து விட்டன.

ஐன்ஸ்டீன் மைதானத்தில்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரல் 28-ந் தேதி, மிஸௌரி மாகாணத்துச் செயின்ட் லூயிஸ் நகரில், எட்வர்ட் ஜோன்ஸ் டோம் என்ற பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கத்தில் உலக இறுதிப் போட்டி நடந்தது. கடைசி ஆட்டங்கள் நடக்கும் மைதானத்துக்கு ஐன்ஸ்டீன் என்று பெயர். அந்த ஆண்டு கூடைப்பந்து ஆட்டம். நாலு கூட்டணிகள், பன்னிரண்டு யந்திரங்கள். ஆறு வாரத்தில் செய்து முடித்து, ஊர் ஊராக ஜயித்துக்கொண்டு வந்தவை.

ஆட்டம் நடுவில் இருக்கும்போதே யந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று போயின. பிள்ளைகள் பிடியை அசைக்கிறார்கள். யந்திரம் மரமாக நிற்கிறது. மறு ஆட்டத்தில் வேறொன்று. உலகத்திலேயே மிகச் சிறந்த யந்திரங்கள், ஆயிரக்கணக்கான பேர் கண்ணெதிரில், காரணம் தெரியாமல். அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பரீட்சை அறையில் பேனா எழுதாமல் போன குழந்தையைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்தாபனத்தார் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு கோஷ்டிகளையும் கலந்துகொண்டு, நிபுணர்களை வைத்துப் பரிசோதித்து, 2012 ஜூலை மாதத்தில் நீளமான அறிக்கை ஒன்றை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். பல காரணங்கள் வெளிவந்தன. சில யந்திரங்களில் சொந்தக் கோளாறுகளும் இருந்தன. ஆனால் ஒரு காரணம் எல்லாரையும் திடுக்கிட வைத்தது. அப்போது பயன்படுத்திய வைஃபை ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. ரகசியச் சொல் தெரியாத யாரோ ஒருவர் சாதாரணச் செல்போனிலிருந்து ஒரு யந்திரத்தின் வைஃபை வலையோடு இணைய முயன்று தோற்றால், அந்தத் தோற்ற முயற்சியே போதும்; யந்திரத்தின் சொந்தத் தொடர்பும் அறுந்து விடும். வாசற்கதவைத் தவறான சாவியால் ஒருவன் குடைந்தான். உள்ளே இருந்தவர்கள் வெளியே வரமுடியாமல் பூட்டு மாட்டிக்கொண்டது. ஒரு நபர் இவ்வாறு குறுக்கிட்டார் என்பதையும் விசாரணை கண்டுபிடித்தது. ஆயுதம் எது? சட்டைப்பையிலிருந்த செல்போன்.

அது வேண்டுமென்று செய்தது. நான் அதிகம் பயப்படுவது வேண்டாமென்று செய்வதற்கு. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நல்ல பெண் ஒருத்தி, மூன்று கோஷ்டிக்கும் பொதுவான கணக்கைச் சீக்கிரம் சேர்த்துக் கொடுத்து விடலாமே என்று ஹாட்ஸ்பாட்டைத் திறக்கிறாள். அவளைப் போலவே நினைத்து இன்னும் பத்துப் பேர் திறந்திருக்கிறார்கள். கீழே மைதானத்தில், பத்தே பேர் உள்ள அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் யந்திரம் திக்குகிறது, நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் தன் கடமைப்படி ‘நின்று போயிற்று, பூஜ்யம்’ என்று எழுதுகிறான். அந்தச் சீட்டு, அதே ஹாட்ஸ்பாட் வழியாக, மூன்று கோஷ்டிகளின் கணக்கிலும் போய் ஏறுகிறது. சாயங்காலம் சுயம்வரத்தில் அந்த யந்திரத்தின் பெயர் வரும்போது மூன்று தலைவர்களும் பட்டியலைப் பார்த்து விட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள்.

ஆகவேதான் விவரமறிந்த கோஷ்டிகள், நின்று போன யந்திரத்துக்கு எதிரே காரணத்துக்கென்று தனிக் கட்டம் போட்டு வைக்கின்றன. தொடர்பு போனதா, மின்கலம் கழன்றதா, கை முறிந்ததா? தெரியவில்லை என்றால் ஒருவர் எழுந்து போய்க் கொட்டகையில் கேட்டு வருவார். இந்த நாலு அடி நடையை நான் எந்தக் கம்ப்யூட்டருக்கும் மேலாக மதிக்கிறேன்.

கீரைக் கூடையில் கிடைத்த உபாயம்

காற்றைத் தொடாமல் கணக்கை எப்படிக் கொண்டு போவது? காகிதம் இருக்கிறது. சீட்டில் எழுதி, ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்னப் பையன் சேகரித்துக்கொண்டு ஓடுவான். மழையில் நனையாத வரையில் இதற்கு ஈடில்லை. விரல் நீள நினைவுக் குச்சியில் ஏற்றிக் கைக்குக் கை கொடுப்பவர்கள் உண்டு. பலகைக் கம்ப்யூட்டர்களைத் தாம்புக் கயிறு போன்ற வயரால் வரிசையாக இணைத்து விட்டு, வயரில் தடுக்கி விழுகிறவர்களும் உண்டு.

எல்லாவற்றிலும் அழகானது, நம் கீரைக்காரம்மா கூடையில் ஒட்டி வைத்திருக்கிறாளே, அந்தக் கட்டம் போட்ட ‘க்யூ-ஆர்’ சதுரம். ஜப்பானில் டென்ஸோ கம்பெனியைச் சேர்ந்த மஸாஹிரோ ஹரா என்பவரும் சகாக்களும் 1994-ல் மோட்டார் வண்டி உதிரி பாகங்களை அடையாளம் கண்டுகொள்வதற்காக உண்டாக்கியது. இன்று நாம் அதில் காய்கறிக்குப் பணம் கொடுக்கிறோம். இந்தப் பிள்ளைகள் அதில் வேவு அனுப்புகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருடைய பலகையிலும் அந்த ஆட்டத்தின் கணக்கு முழுவதும் ஒரு சதுரமாக மாறித் திரையில் தோன்றும். ஒருவர் கையில் கேமராவோடு வரிசையாக வந்து, ஆறு சதுரங்களையும் படம் பிடித்துக்கொண்டு போவார். ஒரு சதுரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் எழுத்துகள் அடங்கும். ஓர் ஆட்டத்தின் கணக்குக்கு நூறே அதிகம். அழுக்கும் கீறலும் பட்டாலும் படிக்கும்படி திருத்தக் குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. போவது வெளிச்சம் மட்டும்தான். ரேடியோ அலை ஒரு துளிகூட இல்லை. பக்கத்துக் கோஷ்டிக்கும் வேண்டுமா? அவர்களும் வந்து படம் பிடித்துக்கொள்ளலாம். பகிர்ந்தாயிற்று, யாருடைய யந்திரமும் நிற்கவில்லை.

2025-ஆம் ஆண்டுப் போட்டிகளிலிருந்து அமெரிக்காவில் யந்திரங்களுக்குப் புதிய ரேடியோப் பெட்டி வந்திருக்கிறது. அது 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசுகிறது. அமெரிக்க அரசாங்கம் 2020-ல்தான் அந்தப் பட்டையை வைஃபைக்குத் திறந்து விட்டது. ஆகவே இப்போதைக்கு அங்கே கூட்டம் குறைவு. புது நகர்ப் பக்கம் குடி போனால் சில வருஷங்கள் தெருக்குழாயில் சண்டை இராதல்லவா? அந்த மாதிரி. புதிய செல்போன்கள் சிலவற்றுக்கு அந்தப் பட்டையும் தெரியும் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தி வைக்கிறேன்.

வரும் மார்ச்சிலோ ஏப்ரலிலோ நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்து, பேத்தி உங்களைப் போட்டிக்கு அழைத்தால், தாராளமாகப் போய் வாருங்கள். கொட்டகைப் பக்கம் நுழைவதற்கு முன் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். சாளேசுரக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். சத்தம் காதைப் பிளக்கும். கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஹாட்ஸ்பாட்டை வாசலிலேயே அணைத்து விடுங்கள். பெஞ்சில் பேத்தி பென்சிலும் கையுமாக மூலையில் நிற்கும் ஒரு யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், ஆட்டம் முடிகிற வரையில் அவளைக் கூப்பிட வேண்டாம். இரண்டரை நிமிஷம்தான். அப்புறம் எந்த யந்திரம் அது, ஏன் நின்றது என்று கேளுங்கள். அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கிற வரையில் சொல்லிக்கொண்டேயிருப்பாள்.